நூலும் ஊசியும் ஒரு நத்தார்ப் பரிசும்

ஊவா மலைகளுக்கு நத்தார் எப்போதும் மழையோடுதான் வருகிறது. ஒக்டோபரில் தொடங்கும் மழை தை பிறக்கும் வரை விட்டுவிட்டுப் பெய்யும். மண் சரிவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. தப்பியவர்களில் பலர் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் தங்கி, 2016இல் புது வீடுகள் கிடைக்கும் வரை இரண்டு நத்தார்களை அங்கேயே கழித்தார்கள். அதே 2014இன் இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் நீர் கசியத் தொடங்கியது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, மரக்கறித் தோட்டங்கள் காய்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது பதுளை மாவட்டம் மீண்டும் பல உயிர்களை மண்ணுக்குக் கொடுத்தது. நத்தாருக்கு அப்போது நான்கு வாரங்களே இருந்தன.

வீடும் தோட்டமும் இழந்தவர்களுக்கு நிவாரணம் வரும். அரிசி, பருப்பு, போர்வை, உடுப்பு எல்லாம் வரும். கொடுப்பவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் மாதக்கணக்கில் வரிசையில் நின்று வாங்குகிறவர்களின் மனதில் ஒரு பாரம் ஏறுகிறது. நேற்றுவரை தம் தோட்டத்து லீக்சையும் கரட்டையும் அயல் வீட்டுக்குக் கொடுத்துப் பழகிய கைகள், இன்று வாங்க மட்டுமே நீள்கின்றன. பண்டிகை நாளில் அந்தப் பாரம் இன்னும் கனக்கும். தம் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்க இயலாத தாய்க்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவேதான் இந்த இதழில் பின்னல் ஊசியைப் பற்றி எழுதுகிறோம். ஒரு சிறு தொப்பியோ ஒரு சோடிக் காலுறையோ குடும்பத்தின் கடனைத் தீர்க்காது. ஆனாலும் அது நாம் கொடுக்கும் பொருள்.

தியத்தலாவையில் இருந்த விவசாயிகள்

இடம்பெயர்ந்த விவசாயிகள் கைவேலையில் இறங்கிய கதை நம் மண்ணிலேயே உண்டு. 1899இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. ‘போயர்’ என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் விவசாயி என்பதே பொருள். பிடிபட்டவர்களைக் கப்பலேற்றி 1900ஆம் ஆண்டு முதல் இலங்கைக்கு அனுப்பினார்கள். தியத்தலாவையில் தகரக் கொட்டகைகள் எழுந்தன. ஏறக்குறைய 5,000 பேர் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தாத்தாமாரும் இருந்தனர், மீசை முளைக்காத பையன்களும் இருந்தனர்.

உழ நிலமில்லாத அந்தக் கைகள் சும்மா இருக்கவில்லை. மரத்தில் பெட்டிகள், கைத்தடிகள், புகைக்குழாய்கள், விளையாட்டுப் பொருட்கள் செதுக்கினார்கள். எலும்பிலும் நாணயத்திலும் உடுப்பூசிகள் செய்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கு விற்றார்கள், வீட்டாருக்கென்றும் எடுத்து வைத்தார்கள். 1902இல் போர் முடிந்து திரும்பும்வரை இது நடந்தது. திரும்பாமல் அங்கேயே இறந்தவர்களும் உண்டு. அவர்களுக்கான நினைவுச் சின்னம் இன்றும் தியத்தலாவையில் நிற்கிறது.

அவர்களுடைய வீட்டார் நிலை இன்னும் கொடியது. பண்ணைகளை எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தார்கள். 20,000க்கும் அதிகமானோர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர், பெரும்பாலும் பிள்ளைகள். கறுப்பின மக்களுக்கென வைத்த வேறு முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். இந்த முகாம்களின் நிலையை 1901இல் உலகுக்கு அறிவித்தவர் எமிலி ஹொப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. போர் முடிந்தபின் அவர் மீண்டும் அங்கே போனார். எரிந்த பண்ணைகளுக்குத் திரும்பிய குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு, 1905இல் பிலிப்பொலிஸ் என்ற ஊரில் நூல் நூற்கவும் நெய்யவும் பள்ளி தொடங்கினார். ஆட்டு மயிர் அந்த மண்ணிலேயே கிடைத்தது, கைத்திறன்தான் வேண்டியிருந்தது. பின்பு வேறு ஊர்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கற்ற திறன் முகாமோடு நின்றுவிடாமல் வீட்டுக்கும் கூட வர வேண்டும்.

பழைய சுவெட்டரில் புது நூல்

நமக்கு ஆட்டு மயிர் கிடையாது. ஆனால் குளிர் ஊராதலால் பழைய சுவெட்டர் இல்லாத வீடும் கிடையாது. சந்தையில் பழைய உடுப்புக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும். கையால் பின்னியதாகவோ, ஓரங்கள் வெட்டித் தைக்கப்படாததாகவோ பார்த்து எடுங்கள். ஓரம் வெட்டித் தைத்ததைப் பிரித்தால் துண்டு துண்டாக வரும்.

தையலைப் பிரித்து, மேலிருந்து நூலை இழுத்து, கதிரை முதுகில் சுற்றுங்கள். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டு அலசுங்கள். கீழே சிறு பாரம் கட்டி நிழலில் தொங்கவிட்டால் நெளிவு நீங்கி நூல் நேராகிவிடும். ஊசி வாங்கப் பணமில்லையென்றால் மூங்கிலைச் சீவி, மணல் தாளால் வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

முதலில் பின்னத்தக்கது பிறந்த குழந்தைக்கான தொப்பி. பச்சிளம் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது ஆபத்து. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இன்னும் ஆபத்து. குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைப்பதும் தலைக்குத் தொப்பி போடுவதும் சூடு காக்கும் வழிகள் என உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மலைத் தோட்டத்து மார்கழிக் குளிரில் இது வெறும் அலங்காரமல்ல.

4 மில்லிமீற்றர் ஊசியில், நடுத்தரக் கனமுள்ள மெல்லிய நூலில் 72 கண்கள் ஏற்றுங்கள். முதல் 3 சென்ரிமீற்றரை இழுபடும் விளிம்பாக, இரண்டு கண் நேராகவும் இரண்டு கண் மறுபக்கமாகவும் பின்னுங்கள். பிறகு மொத்தம் 12 சென்ரிமீற்றர் வரும்வரை வெறும் பின்னல். அடுத்த வரியில் இரண்டிரண்டு கண்ணாகச் சேர்த்துப் பின்னினால் 36 ஆகும். ஒரு வரி சும்மா பின்னி, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்தால் 18. நூலை வெட்டி அந்தக் கண்களுக்குள் கோத்து இறுக்கி, பக்கத்தைத் தைத்தால் தொப்பி தயார். 50 கிராம் நூலில் இரண்டு தொப்பி வரும்.

குழந்தைப் பொருளில் பொத்தான், மணி, நீண்ட நாடா வேண்டாம். குழந்தை விழுங்கலாம், நாடா கழுத்தில் சுற்றலாம். பொம்மைக்குக் கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள். கொடுக்குமுன் கழுவிக் காயவையுங்கள்.

விற்பதானால்

சிலர் விற்கவும் நினைப்பீர்கள், நல்லது. ஆனால் கணக்கோடு செய்யுங்கள். தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு என்ன சம்பளமோ அதை எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி தெரியும். ஒரு தொப்பிக்கு எத்தனை மணி நேரம் என்று பார்த்துப் பெருக்கி, நூல் விலையைக் கூட்டுங்கள். அதற்குக் குறைந்து கேட்கும் வியாபாரிக்குக் கொடுப்பது நட்டம். தனித்தனியாக விற்றால் விலையை அவர் சொல்வார், பத்துப் பேர் சேர்ந்தால் நாம் சொல்லலாம். கடன் வாங்கி நூல் வாங்காதீர்கள். நத்தார் முடிந்தால் கிராக்கியும் முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். ஊசியும் நூலும் கொடுத்துவிட்டோம், இனி இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பாதுகாப்பான காணி, அதற்கு உறுதிப்பத்திரம், பயிருக்கு நீர் ஆகிய மூன்றும் உங்கள் உரிமை. பின்னிக்கொண்டே அவற்றைக் கேட்போம். பின்னல் வட்டத்தில் அமர்ந்து கடிதம் எழுதலாம், கிராம அலுவலரிடம் கொடுத்த மனு என்னவாயிற்று என்று பேசலாம்.

திருத்தூதர் பணிகள் நூலில் யோப்பா நகரத்துத் தபித்தாவைப் பற்றி வாசிக்கிறோம். அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியவை, அவர் தம் கையால் செய்து கொடுத்த உடுப்புகளே.

இந்தத் திருவருகைக் காலத்தில் ஒவ்வொரு குடியிருப்பிலும் நாலு பேர் கூடுங்கள். பின்னத் தெரிந்த பாட்டிமாரை நடுவில் அமர்த்துங்கள். இந்துக் குடும்பங்கள் தைப்பொங்கலுக்கென்று பின்னட்டும், பரிசுக்குச் சமயமில்லை. முதல் தொப்பியை, இந்த மாதம் உங்கள் லயத்தில் பிறக்கும் குழந்தைக்குக் கொடுங்கள்.