வெயிலுக்கும் ஒரு முறை உண்டு



"அந்தக் காலத்தில் இப்படியா வெயில் அடித்தது?" என்று செம்பனைக் காட்டில் வியர்வையைத் துடைத்தபடி கேட்கிறோம். இதற்கு விடை இரண்டு பங்காக இருக்கிறது.

முதல் பங்கு இயற்கையின் சுழற்சி. பசிபிக் பெருங்கடலில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, சூடேறிய மேல்நீரை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நமக்கு மழை மிகுவது அதனால்தான். 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்காற்று தளர்ந்துவிடும். சூடான நீர் தென்னமெரிக்கா பக்கம் திரும்பும். மழை மேகமும் அதன் பின்னே போய்விடும். இதுவே எல் நினோ. கடல் அடக்கி வைத்திருந்த வெப்பம் வெளிப்பட்டு உலகமே சற்றுச் சூடாகும். இதற்கு நேர்மாறானது லா நினா. அப்போது உலகம் சற்றுக் குளிரும். நமக்கு மழை பெருகும்.

இது நம் முன்னோர் அறியாததல்ல. 1876–78இல் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேரைப் பலிகொண்ட தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னாலும் கடுமையான எல் நினோ இருந்தது. பருவமழை ஏன் பொய்க்கிறது என்று ஆராய்ந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குவதை அவர் எடுத்துக்காட்டினார்.

நம் நாட்டில் 9.4.1998 அன்று பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது எல் நினோ காலத்தில்தான். 2015இல் அது மீண்டும் வந்தபோது, ஜொகூரில் லாயாங் அணை வற்றி, பாசிர் கூடாங் வட்டாரத்தில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள்.

இரண்டாம் பங்கு என்ன? ஒரு சிறுவன் துள்ளித் துள்ளிக் குன்றேறுவதாக எண்ணிப் பாருங்கள். அவன் துள்ளல்தான் எல் நினோவும் லா நினாவும். குன்றின் ஏற்றம் வேறு. அது மனிதன் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய்ப் புகையால் வந்தது. 1998 அதுவரை கண்ட ஆண்டுகளில் மிகச் சூடானது. ஆனால் லா நினா இருந்த 2021கூட அதை மிஞ்சிவிட்டது!

துள்ளலை நாம் நிறுத்த முடியாது. ஆனால் முன்கூட்டியே அறியலாம். வறட்சியில் செம்பனையில் ஆண் பூ மிகும், குலை குறையும். அது உடனே தெரியாது. ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை கழித்தே தெரியும். நாட்டின் செம்பனை எண்ணெய் 2015இல் சுமார் 2 கோடி டன். 2016இல் 1 கோடியே 73 லட்சம் டன்தான்.

ஆகவே, எல் நினோ வருகிறது என்று வானொலியில் கேட்டால், குலைக்கணக்கில் கூலி வாங்கும் குடும்பத்தார் அன்றே சிறுதொகை ஒதுக்கத் தொடங்குங்கள். மரம் நமக்குத் தரும் தவணை அது.