இளவேனிலும் இளஞ்சிறாரும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது பண்டை நூலார் வகுத்த முறை. தென்றலும் மலரும் கூடிய இன்பப் பருவம் அது என்று மாணவருக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியை நான். ஆயினும், யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஒன்பது வயது மகனையும் ஐந்து வயது மகளையும் வைத்துக்கொண்டு அப்பருவத்தைக் கழிக்கும் தாய்க்கு அது வேறொரு முகத்தையே காட்டுகின்றது. காலை ஒன்பது மணிக்கே முற்றத்து மணல் சுடுகின்றது. பிள்ளைகளின் கழுத்திலும் முதுகிலும் வியர்க்குரு அரும்புகின்றது. போதாக்குறைக்குப் பாடசாலை விடுமுறையும் இக்காலத்திலேதான் வந்து சேர்கின்றது. பத்துப் பிள்ளைகள் செய்யக்கூடிய ஆரவாரத்தை இரண்டு பிள்ளைகள் செய்துவிடுவது எங்ஙனம் என்பதை எந்த உளநூலார் விளக்கப் போகின்றாரோ, நானறியேன்.

இவ்வெப்பத்துக்குத் தக்க காரணம் உண்டு. சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருவது ஆண்டில் இருமுறை. யாழ்ப்பாணத்தில் முதன்முறை ஏப்ரல் 14, 15ஆம் திகதிகளை அண்டி, நண்பகல் 12.10 மணியளவில் அது நிகழும். மறுமுறை ஆகஸ்ட் மாத இறுதியில். ஆகஸ்டில் சோளகக் காற்று வீசுவதால் நாம் அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. சித்திரையிலோ வாடை ஓய்ந்துவிட்டது. சோளகம் இன்னும் பிறக்கவில்லை. காற்றும் அசையாது, கதிரும் சாயாது நிற்கும் அந்த இடைவெளியில்தான் நாம் புழுங்குகின்றோம்.

புதுவருடத்துக்கு மறுநாள் நண்பகலில் பிள்ளைகள் இருவரையும் முற்றத்துக்கு அழைத்துச் சென்று, உலக்கையை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினேன். அதன் நிழல் சிறுகச் சிறுகக் குறுகி, அடியோடு மறைந்து போயிற்று. மகள் தன்னைச் சுற்றித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, என்ரை நிழல் எங்கை போட்டுது?”

“நீதான் அதுக்கு மேலை ஏறி நிக்கிறாய்” என்றான் தமையன்.

அவள் ஒரு காலைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். அங்கே அது இருக்கத்தான் செய்தது! பூகோள பாடத்தில் இதை நான் எத்தனையோ வகையாக விளக்கக் கேட்டதுண்டு. இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.

அந்த வாரத்திலேதான் வீட்டில் ஒரு வழக்குத் தோன்றியது. மகன் இவ்வாண்டு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவன். விடுமுறைக்கென்று விசேட வகுப்பொன்று அறிவிக்கப்பட்டது. காலை 7.30 தொடக்கம் 12.30 வரை, பின்பு 2 மணி தொடக்கம் 5 மணி வரை. வகுப்பு நடப்பது தகரக் கூரையின் கீழ். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண்ணைக் கூறி எச்சரிக்கை விடுக்கும் நாட்களிலும் அக்கூரையின் கீழ் பிள்ளைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். சிறுவரின் உடல், எடையை நோக்குமிடத்து, வளர்ந்தோரின் உடலினும் பரப்பு மிகுந்தது. ஆதலால் வெளி வெப்பத்தை அது விரைவில் ஏற்றுக்கொள்ளும். தாகத்தையோ அவர்கள் தாமாக உணர்ந்து கேட்பது அரிது.

“அயலுக்குள்ளை எல்லாரும் போகினம். எங்கடை பிள்ளை பின்தங்கிப் போகக்கூடாது” என்றார் என் கணவர். அவர் கூற்றைத் தள்ளிவிடவும் இயலாது. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்ததற்காக வீடே துக்கம் காத்ததை நாம் கண்டிருக்கின்றோம். வசதி குறைந்த ஊர்களில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளை நல்ல பாடசாலைகளுக்கு ஏற்றிவிடும் ஏணியாகவன்றோ இப்பரீட்சை அமைந்தது! நல்ல பாடசாலையை வாசலிலே வைத்திருப்போரும் அவ்வேணிக்கு முண்டியடிக்கும் காட்சியை ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் காண்கின்றோம். மாமிதான் வெளிப்படையாகச் சொன்னார்: “சூளைக்குள்ளை வைச்சு எடுக்கிறதுக்குப் பிள்ளை என்ன செங்கல்லோ?”

முடிவில், காலை வகுப்பு மட்டும், அதுவும் 10.30 மணி வரை என்று தீர்மானித்தோம். நான் அதில் உறுதியாய் நின்றேன். என் கணவர் அரை மனத்தோடு இணங்கினார்.

மிஞ்சிய நேரம் மாமியின் ஆட்சிக்கு உட்பட்டது. வேப்பமரம் பூத்துச் சொரியும் காலம் இது. மரத்தின் கீழ் பழைய சேலையை விரித்துப் பூவைச் சேர்த்து, காம்பும் தூசியும் போக ஆய்ந்து தருவது பிள்ளைகளின் வேலை. ஊறவைத்து அரைத்த உளுந்தோடு செத்தல் மிளகாய், வெங்காயம், பெருஞ்சீரகம், உப்புச் சேர்த்துப் பூவையும் பிசைந்து, வடகமாகத் தட்டிச் சுளகிலே பரப்பினார் மாமி. நாலு நாள் வெயில் வேண்டும். நாலு நாளும் காகத்துக்குக் காவல் வேண்டும். திண்ணை நிழலில் இருந்தபடியே அக்காவலை ஏற்ற மகன், சுளகு ஒன்றுக்கு எத்தனை வடகம், ஆளுக்கு எத்தனை வரும் என்று கணக்கிட்டுச் சுவரிலே கரியால் எழுதி வைத்திருந்தான். வகுத்தற் கணக்கு அவனுக்கு வராது என்று யார் சொன்னது? சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டிவரும் என்பது வேறு விடயம்.

காலையில் மோர் விட்டுப் பிசைந்த பழஞ்சோறு. நண்பகலில் நுங்கு அல்லது பனங்கட்டி தூவிய வெள்ளரிப்பழம். போத்தலில் அடைத்த நிறச்சாயப் பானங்களுக்கு இவை எவ்வகையில் தாழ்ந்தன?

மாலையில் கிணற்றடி. நீர் மட்டம் ஒவ்வொரு நாளும் கீழே போவதை மகன் கிணற்றுக்குள் தெரியும் கல்வரிசையை எண்ணி அறிகின்றான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. மின்மோட்டாரால் அளவின்றி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். இதைக் கேட்ட நாள் முதல் மகள் வாளி நீர் சிந்தினால் என்னைக் கண்டிக்கத் தொடங்கிவிட்டாள். கிணற்றுக்கட்டை அவர்கள் அணுகும்போதெல்லாம் என் கண் அவர்களைவிட்டு நீங்குவதில்லை. எந்தத் தாய்க்குத்தான் நீங்கும்?

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது நாங்கள் முற்றத்தில் பாய் விரித்துப் படுக்கப் பழகினோம். 1990க்குப் பின் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த எனக்கு அது புதிதன்று. மின்சாரம் வந்த பின்பும் பிள்ளைகள் அப்பழக்கத்தை விடவில்லை. வைகாசி இரவில், தெற்கே பனைகளுக்கு மேலே தென்சிலுவை தாழ்ந்து தெரியும்.

அப்படியொரு இரவில், நித்திரை என்று நான் எண்ணியிருந்த மகன் மெதுவாகக் கேட்டான்: “அம்மா, வெட்டுப்புள்ளி வராட்டி அப்பா பேசுவாரோ?”

நான் வாய் திறக்குமுன், அடுத்த பாயிலிருந்து அவன் தந்தையின் குரல் வந்தது. “பேச மாட்டன் ராசா. அந்தச் சிலுவை எதெண்டு எனக்கும் ஒருக்காக் காட்டு, பாப்பம்.”

இருவரும் வெகுநேரம் வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தனர். மறுநாள் விடுமுறை நாளாகையால் என் கணவர் வீட்டில் நின்றார். நண்பகலில் நான் வெளியே வந்து பார்த்தபோது, கையில் தடியோடு திண்ணையில் இருந்து காகம் கலைத்துக்கொண்டிருந்தவர் அவரே. மகன் அருகில் பாயில் உறங்கிக்கொண்டிருந்தான்.