மாரிக் குளிரும் ஓர்கிட் மொட்டும்

நுவரெலியாவில் பூத்து நிற்கும் ஹைட்ரேஞ்சியாவை வாங்கிக்கொண்டு பதுளை வீதியால் செங்கலடிக்கு இறங்கினால், அந்தப் பூ சில வாரம் நிற்கும். அடுத்த வருடம் இலை மட்டுந்தான். பசளையைக் கூட்டினாலும் மண்ணை மாற்றினாலும் பயனில்லை. அதற்கு வேண்டியது ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரின் குளிர். வெப்பநிலை 18 பாகைக்குக் கீழே ஆறு வாரமாவது இருந்தால்தான் கிளை நுனியில் பூமொட்டு முதிரும். மட்டக்களப்பு வாவிக்கரையில் தை மாத இரவுகூட 23 பாகையளவில் நின்றுவிடுகிறது.

ஆனால் குளிர் தேடும் செடிகள் எல்லாம் இவ்வளவு கேட்பதில்லை. பெலனொப்சிஸ் ஓர்கிட் 28 பாகைக்கு மேல் இலை விட்டபடியே இருக்கும். வெப்பம் 25 பாகையளவுக்கு இறங்கிச் சில வாரம் நிலைத்தால், இலைக் கக்கத்தில் உறங்கும் மொட்டு விழித்துப் பூந்தண்டாக நீளும். கடும் வெப்பத்தில் ஜிபரெலின் என்ற வளர்ச்சி ஓமோன் குறைந்துபோவதும் அந்த உறக்கத்துக்கு ஒரு காரணம். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் இதற்கு வழியே இல்லை. மார்கழி, தை மாதங்களில் மழை மூட்டம் கட்டி வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் பகல் வெப்பமே 28 பாகைக்குக் கீழே இறங்கும். நம் ஊருக்குக் கிடைக்கும் அருமையான இடைவெளி அது.

இதைவிட வியப்பானது இத்தீவிலும் வளரும் காட்டு ஓர்கிட்டுகளில் ஒன்றான புறா ஓர்கிட். வெள்ளைப் புறா பறப்பதுபோன்ற பூ அதற்கு. மொட்டுகள் சிறிதளவு வளர்ந்து அப்படியே காத்திருக்கும். திடீர் மழையில் வெப்பம் ஐந்தாறு பாகை சட்டென்று விழுந்தால், ஏறக்குறைய ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒன்றாக மலரும். பூவின் ஆயுளோ ஒரே நாள். எல்லாம் சேர்ந்து பூப்பதால்தான் தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடிகிறது. தூண்டுவது மழைநீர் அல்ல, மழை கொண்டுவரும் குளிர்ச்சி.

ஆகவே பெலனொப்சிஸ் வைத்திருப்பவர்கள் மாரியில் அதை வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டாம். மழை நேரே விழாத, காற்றோட்டமான விறாந்தை நிழலில் தூக்கிவையுங்கள். குருத்தில் நீர் தேங்கினால் அழுகிவிடும், அதை மட்டும் கவனியுங்கள். தண்டு தலைகாட்டிய பிறகும் வெயில் படாமல் காக்க வேண்டும். இளம் தண்டைக் கடும் வெப்பம் தாக்கினால் பூவுக்குப் பதில் அதில் குட்டிச்செடி முளைத்துவிடும்.