உஷார்! உங்கள் விரல் ரேகைக்கு விலை இருக்கிறது

போன வருஷம் வைகாசியில் சங்கரன்கோவிலிலிருந்து என் அக்கா மகன் போன் பண்ணினான். குரலே சரியில்லை. "மாமா, நான் ஏற்கெனவே படிச்சு முடிச்சிட்டேனாம். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்காம்."

ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் முடித்த பையன். மூன்று மாதம் தங்கிப் படிக்கும் சோலார் பயிற்சிக்காக, ஒழுங்காக நடக்கும் ஓர் இடத்துக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போயிருந்தான். ஆதார் எண்ணைத் தட்டியதும், அங்கே உட்கார்ந்திருந்த அம்மா திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார். அவன் பெயர், அவன் போட்டோ, பக்கத்தில் 'பயிற்சி முடித்தவர்' என்ற குறிப்பு. போட்டோவில் அவன் போட்டிருந்தது தீபாவளிக்கு எடுத்த கட்டம் போட்ட சட்டை. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது.

அந்தச் சட்டை புதிதாக இருந்த கார்த்திகை மாதத்தில், கடைத்தெருவில் ஒரு மாடியறைக்கு நண்பர்களோடு போயிருக்கிறான். 'சோலார் டெக்னீஷியன் பயிற்சி, முற்றிலும் இலவசம், வேலை உறுதி' என்று நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். இலவசம்தான், ஆனால் பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய். கட்டினான். போட்டோ எடுத்தார்கள். ரேகைக் கருவியில் விரல் வைக்கச் சொன்னார்கள். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு இன்னொரு முறை வைக்கச் சொன்னார்கள். நடுவில் போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அறையில் ஒரே ஒரு சோலார் தகடு சுவரில் சாய்ந்து நின்றதாம், மேலே ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட யாரும் உரிக்கவில்லை. "திங்கக்கெழம வகுப்பு ஆரம்பம்" என்றார்கள். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. போனது 2,000 ரூபாய் என்று அவனும் விட்டுவிட்டான், வீட்டிலும் விட்டுவிட்டோம்.

போனது அதைவிடப் பெரிய தொகை. அது அவன் கைக்கு வந்து போன பணம் இல்லை என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள். அரசு மானியத்தில் நடக்கும் தொழிற்பயிற்சியில், பயிற்சி கொடுக்கும் நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் போகிறது. 2015-ல் மத்திய அரசு திறன் பயிற்சித் திட்டங்களுக்கெல்லாம் பொது விதிமுறை ஒன்று வெளியிட்டது. முதல் வகைத் தொழில்களுக்கு, ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 38 ரூபாய் 50 காசு என்று அதில் இருந்தது. 600 மணி நேரப் பயிற்சி என்று வைத்துக் கணக்குப் போட்டால் தலைக்கு 23,100 ரூபாய். 30 பேர் கொண்ட வகுப்புக்கு 6,93,000 ரூபாய். பயிற்சி தொடங்கும்போது 30 சதவீதம், சான்றிதழ் வாங்கியதும் 50 சதவீதம், வேலை கிடைத்த பிறகு மீதி 20 சதவீதம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். தொகையும் விகிதமும் பிறகு மாறியிருக்கின்றன. தலையை எண்ணித்தான் பணம் என்பது மாறவில்லை.

அந்தத் தலைக்கு அத்தாட்சி என்ன? உங்கள் ஆதார் எண், போட்டோ, வருகைப்பதிவுக் கருவியில் நீங்கள் வைக்கும் விரல், போனுக்கு வரும் ஓ.டி.பி. நோட்டீஸ் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து அவர்கள் கேட்டு வாங்குவது இந்த நான்கைத்தான். பதிவுக் கட்டணம் மேல்வரும்படி.

ஏதோ ஒரு மாடியறையில் நடந்த திருட்டு என்று தள்ளிவிட முடியாது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் 2015 முதல் 2022 வரையிலான காலத்தை ஆராய்ந்த மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைப் படித்தால் வயிறு கலங்கும். பயிற்சி பெற்றவர்களாகப் பதிவான ஏறத்தாழ 96 லட்சம் பேரில், 94.53 சதவீதம் பேருக்கு வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் பூஜ்யங்கள், அல்லது எதுவுமே இல்லை. மீதிப் பேரிலும் ஒரே கணக்கு எண் பலருக்குத் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒரே போட்டோ வெவ்வேறு பெயர்களுக்கு ஒட்டப்பட்டிருந்தது. தேறியவருக்கு நேரடியாக வங்கியில் சேர வேண்டிய 500 ரூபாய் இருக்கிறதே, கணக்கே இல்லாதவருக்கு அது எங்கே போய்ச் சேரும்? இந்தத் திட்டம் தையல், அழகுக்கலை, சோலார் என்று எல்லாத் தொழில்களையும் சேர்த்து நடப்பது. இத்தனை பெயரும் பொய் என்று தணிக்கைத் துறை சொல்லவில்லை. யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று சரிபார்க்கும் வழியே இல்லாமல் இத்தனை பதிவுகள் நடந்திருக்கின்றன என்பதுதான் நாம் பயப்பட வேண்டிய இடம். என் அக்கா மகனைப் போல எத்தனை பிள்ளைகள் தமக்கே தெரியாமல் 'பயிற்சி முடித்தவர்'களாக இருக்கிறார்களோ!

இப்போது ஏன் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன் என்றால், சோலார் பக்கம் பணம் பெருவெள்ளமாக வந்துகொண்டிருக்கிறது. வீட்டுக் கூரையில் சோலார் வைக்கும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்துக்கு 2024 பிப்ரவரி 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். சுமார் 17 லட்சம் பேருக்கு நேரடி வேலை கிடைக்கும் என்று அரசே மதிப்பிட்டுச் சொன்னது. தெற்கே நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா 2016-லிருந்து ஓடுகிறது. கங்கைகொண்டானில் சோலார் செல்லும் தகடும் செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். வேலை உண்மை. பயிற்சி தேவை என்பதும் உண்மை. உண்மையான ஒன்றை முன்னால் வைத்து ஏமாற்றும்போதுதான் விவரமான பையனும் விழுகிறான்.

உண்மையான பயிற்சி எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2015-ல் தொடங்கிய சூர்யமித்ரா திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். குருகிராமில் உள்ள தேசிய சூரிய எரிசக்தி நிறுவனம் பல மாநிலங்களில் உள்ள மையங்கள் வழியாக அதை நடத்தியது. 90 நாள், 600 மணி நேரம். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். பத்தாம் வகுப்போடு எலெக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் போன்ற பிரிவுகளில் ஐ.டி.ஐ. முடித்த, 18 வயது நிறைந்தவர்களுக்கானது. பொறியியல் பட்டதாரிகளுக்கு இடமில்லை என்றே விளம்பரத்தில் போட்டார்கள். சொல்லிக்கொடுத்த மையமே மார்க் போட்டுச் சான்றிதழ் கொடுக்க முடியாது, வெளியிலிருந்து ஆள் வந்து தேர்வு வைப்பார். காற்றாலைக்கு, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் வாயுமித்ரா என்ற பெயரில் பயிற்சி நடத்தியிருக்கிறது.

ஆகவே யாராவது வந்து "பி.இ.யும் வரலாம், பிளஸ் டூ ஃபெயிலும் வரலாம், மூன்றே நாளில் அரசு சான்றிதழ்" என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், "திரும்பக் கிடைக்கும்" டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் நில்லுங்கள். மானியப் பயிற்சியில் உங்கள் கட்டணத்தை அரசு ஏற்கெனவே கட்டுகிறது. இரண்டாம் முறை உங்களிடம் கேட்பவர் எதற்குக் கேட்கிறார்?

இணையத்திலும் இதே வலைதான். விவசாய பம்ப்செட்டுக்கான பி.எம். குசும் திட்டம் 2019-ல் வந்தது. அதன் பெயரிலேயே போலித் தளங்கள் முளைத்து, பதிவுக் கட்டணம் என்று விவசாயிகளிடம் பணம் பறித்தன. அமைச்சகமே பல முறை எச்சரிக்கை அறிக்கை விட வேண்டியதாயிற்று. 'முகவரி கவ் டாட் இன் என்று முடிந்தால் நம்பலாம்' என்று சிலர் சொல்கிறார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்ன சூரிய, காற்று நிறுவனங்கள் இரண்டின் தளங்களும் ரெஸ் டாட் இன் என்று முடிபவை. வாட்ஸ்அப்பில் வந்த சுட்டியைத் தொடாமல், அமைச்சகத்தின் தளத்துக்கு நீங்களாகப் போய், அங்கிருந்து மையத்தின் பெயரைத் தேடுங்கள். ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்திலும் பாருங்கள். மையத்தின் பெயர் எங்குமே இல்லை என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இதையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு. காகிதத்தில் மட்டும் பயிற்சி முடித்த ஒரு பையன், அந்தச் சான்றிதழைக் காட்டி வேலை வாங்கிக் கூரை ஏறினால் என்ன ஆகும்?

வீட்டு வயரிங் தெரிந்தவன் சோலார் வயரிங்கையும் சமாளித்துவிடுவான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வீட்டில் ஓடுவது ஏ.சி. மின்சாரம். வினாடிக்கு நூறு தடவை அது பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது, அதனால் பொறி எழுந்தாலும் தானாக அணைய வாய்ப்புண்டு. சோலார் தகட்டிலிருந்து வருவது டி.சி. அது இறங்காது. தகடு ஒன்று சுமார் 40, 50 வோல்ட். பத்தை வரிசையாகக் கோத்தால் 400, 500 வோல்ட். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பானைப் பிடித்து இழுத்தால், பிரிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நெருப்பு வில்லாக நிற்கும், கையை எரிக்கும், கேபிளை எரிக்கும், கூரையையும் எரிக்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை தகடு உயிரோடுதான் இருக்கும். முதலில் எதைத் துண்டிப்பது, மீட்டரில் எதைப் பார்த்த பிறகு கை வைப்பது என்ற வரிசை கையில் பழகியிருக்க வேண்டும். புத்தகத்தில் வாசித்தால் போதாது.

பிறகு உயரம். பெரிய தகடு ஒன்று 28 கிலோ இருக்கும், கதவு அகலம். ஆடிக்காற்றில் தென்காசிப் பக்கம் ஓட்டுக்கூரை மேல் அதைத் தூக்கிக்கொண்டு நின்று பாருங்கள், பாய்மரத்தைப் பிடித்தது போல ஆளையே இழுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் இன்னும் ஆபத்து. சட்டத்துக்கு மேலே கால் வைத்தால் தாங்கும், ஒரு சாண் தள்ளி வைத்தால் உள்ளே போய்விடும். இடுப்பு வார் மட்டும் போதாது, உடல் முழுக்கப் பிடிக்கும் வார் வேண்டும், அதை எங்கே கட்டுவது என்று ஒருவர் கூட இருந்து காட்ட வேண்டும். 600 மணி நேரம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த மணி நேரங்களைத் திருடுகிறவன் பணத்தோடு நிற்பதில்லை.

அதனால் சேரும் முன் மையத்துக்குள் போய்க் கண்ணால் பாருங்கள். பிரித்து மாட்டிப் பழகக் கட்டமைப்பு இருக்கிறதா? இணைப்பான் கவ்வும் கருவி, மல்டிமீட்டர், எர்த் சோதிக்கும் கருவி, உயரத்துக்கான வார் எல்லாம் புழங்கிய அடையாளத்தோடு இருக்கின்றனவா? பளபளவென்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். போன வகுப்பில் படித்த இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். வேலை கொடுத்ததாகச் சொல்லும் கம்பெனியில் நீங்களே விசாரியுங்கள், ஏனென்றால் அந்தக் கடைசித் தவணைக்காக வேலைக் கடிதத்தையே போலியாக அடிக்க முடியும்.

மகளிர் குழு அக்காமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "சோலார் பயிற்சி வருது, எல்லாரும் ஆதார் ஜெராக்ஸ் குடுங்க" என்று கூட்டத்தில் கேட்டால், எந்தத் திட்டம், எந்த மையம், எத்தனை நாள் என்று எழுத்தில் தராமல் ஒரு பிரதியும் கொடுக்காதீர்கள். கொடுத்தால், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் பிரதியின் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வகுப்பு நடக்காத நாளில் விரல் வைக்காதீர்கள். "சும்மா ஒரு தடவை வச்சிட்டுப் போங்க" என்பது சும்மா இல்லை.

ஏற்கெனவே விரல் வைத்தவர்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மை ஆதார் தளத்தில், கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். நீங்கள் போகாத நாளில் பதிவு இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். அதே தளத்தில் ரேகையைப் பூட்டவும் வசதி உண்டு. ரேஷன் கடைக்கு வேண்டும்போது திறந்து, மறுபடி பூட்டிக்கொள்ளலாம். விளங்காவிட்டால் ஆதார் உதவி எண் 1947. இணையத்தில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் போடுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நடுவழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நாங்கள் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். கார்த்திகையில் கொடுத்த நோட்டீஸை அக்கா அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தாள், அது அப்படியே கிடைத்ததால் மனுவோடு இணைத்தோம். 2,000 ரூபாய்க்கு ரசீது கிடையாது, ஜி.பே. பதிவு மட்டும் இருந்தது. மனு எண் வாங்கியிருக்கிறோம், அவன் பெயரைப் பதிவிலிருந்து எடுத்தால்தான் மறுபடி பயிற்சியில் சேர முடியும்.

அன்று அந்த மாடிப்படியில் அவனோடு வரிசையில் நின்றவர்கள் இருபது பேருக்கு மேல். ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை எட்டுப் பேர் கிடைத்திருக்கிறார்கள். தங்கள் பெயரில் சோலார் சான்றிதழ் இருப்பது அதில் ஒருவருக்கும் தெரியவில்லை.