தலைக்காட்டில் இரு தலைவர்கள்

சந்தாபுராவில் ஓசூர்ச் சாலையோரம் பேருந்துக்குக் காத்து நிற்கும் நண்பர்களே! நாம் நிற்கும் இம்மண் ஒரு காலத்தில் கங்கபாடி நாட்டைச் சேர்ந்தது. கி.பி. 1004ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படைகள் அந்நாட்டை வென்றன. காவிரிக்கரையில் இருந்த அதன் தலைநகர் தலைக்காடு, இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. நூறாண்டுக்கு மேல் சோழர் ஆணை அங்கு நடந்தது.

தொலைநாட்டை வேந்தன் எவ்வாறு காத்தான்? படையையும் ஆட்சியையும் ஒருவன் கையிலேயே ஒப்படைத்தான். எல்லையில் பகை எழுந்தால் தலைநகரிலிருந்து ஓலை வரும்வரை காத்திருக்க இயலுமா? ஆயினும் இம்முறையில் ஆபத்தும் உண்டு. வாளும் வரியும் ஒருவனிடம் சேர்ந்தால் முடியின்மேல் ஆசை பிறக்கும். மேற்கே பைசாந்தியப் பேரரசிலும் மாகாணத் தலைவர்கள் படையும் நடத்தி, நாடும் ஆண்டனர். அங்கே 987இல் பர்தாஸ் போகாஸ் என்னும் படைத்தலைவன் தானே பேரரசன் என்று கூறிக் கிளர்ந்தெழுந்தான். அதற்கு இரண்டாண்டு முன்னர்தான் நம் இராசராசன் அரியணை ஏறியிருந்தான்.

இனித் தலைக்காட்டுக்கு வருவோம். முதற் குலோத்துங்கனின் ஆட்சி முதிர்ந்த காலம். அவனுக்காகத் தலைக்காட்டைக் காத்து நின்ற சாமந்தன் பெயர் அதியமான். 1116ஆம் ஆண்டளவில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் தண்டநாயகன் கங்கராசன் படையொடு வந்தான். சோழன் கொடுத்த நாட்டை விட்டுத்தர அதியமான் மறுத்தான். வேண்டுமாயின் போரிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னான். போர் மூண்டது; தலைக்காடு வீழ்ந்தது. விட்டுணுவர்த்தனன் 'தலக்காடுகொண்ட' என்னும் பட்டம் புனைந்தான்.

வென்ற கங்கராசன் என்ன செய்தான்? முடியை நாடவில்லை. அரசன் பரிசளிக்க முன்வந்தபோது ஊரைக் கேட்டுப் பெற்று, அதைச் சமணப் பள்ளிக்கே தானமாக்கினான். கங்கபாடியில் சிதைந்திருந்த சமணக் கோயில்களைப் புதுப்பித்தான். சிரவணபெளகொளக் கோமதேசுவரர் சிலையைச் சுற்றித் திருச்சுற்று எழுப்பியவனும் அவனே.

ஒருவன் தோற்றான், மற்றவன் வென்றான். இருவரும் தம்மிடம் ஒப்படைத்ததைத் தம்முடைமையாக எண்ணவில்லை. அதுவன்றோ தலைமை!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அதியமான் பணிய மறுத்த செய்தியை நமக்குச் சொல்வது தமிழ்க் கல்வெட்டன்று. வென்றவர் பொறித்த கன்னடக் கல்வெட்டு! பகைவனின் உறுதியையும் மறைக்காமல் கல்லில் வெட்டிய நேர்மையை என்னென்பது! நம் வரலாற்றின் ஒரு பகுதி அண்டை மொழியின் எழுத்தில் உறங்குகிறது. இங்கே பயிலும் நாளிலேயே கன்னட எழுத்தைக் கற்போம். அது விருந்தோம்பும் நாட்டுக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று. நம்மையே நாம் அறிந்துகொள்ளும் வழியுமாகும்.