படம் வரைந்து பிழைக்க முடியுமா?

சென்ற ஜூலையில் பெற்றோர் கூட்டம் முடிந்ததும், எங்கள் ஓவிய மன்றத்து மாணவி ஒருத்தியின் தந்தையார் சிஸ்டரிடம் வந்து நின்றார். "பொண்ணு நல்லா வரையுதுன்னு எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர், சந்தோஷம். ஆனா படம் வரைஞ்சு பிழைக்க முடியுமா?" என்று கேட்டார். பதினோராம் வகுப்பில் படிக்கும் மகளின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படும் தந்தை வேறு எப்படிக் கேட்பார்? சிஸ்டர் அந்தக் கேள்வியை எங்களிடமே தந்துவிட்டார்கள். மன்றத்தினர் ஏழு பேரும் இந்த ஆண்டு முழுவதும் விசாரித்தும், சிறிது செய்துபார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கிராஃபிக் டிசைன் எனப்படும் வரைகலை வடிவமைப்பு, படம் வரைவது மட்டுமன்று. எழுத்து, படம், நிறம், வெற்றிடம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, ஒரு செய்தியைப் பார்ப்பவரிடம் சேர்க்கும் தொழில் அது. மருந்துப் பெட்டி, பாடநூல், பேருந்துப் பலகை, கைபேசித் திரை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நன்றாக அமைந்துவிட்டால் நம் கண்ணில் படுவதே இல்லை. தவறினால்தான் எரிச்சல் வருகிறது.

நம் புதுவைக்கு இது புதிய சங்கதியும் அன்று. 1844ஆம் ஆண்டு இவ்வூரில் கன்னியர் சபை ஒன்றைத் தோற்றுவித்துப் பெண்கல்விக்கு வழிதிறந்த துப்புயி அடிகளாரை நம்மில் பலர் அறிவோம். அவரும் மூசே அடிகளாரும் சேர்ந்து தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இல் இங்குள்ள மிஷன் அச்சகத்தில் அச்சானது என்பதை அறிந்தவர் அவ்வளவு பேர் இலர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்த காலம் அது. பருத்த தமிழ் எழுத்தும் ஒடுங்கிய பிரெஞ்சு எழுத்தும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கவேண்டும். தேடும் சொல் சட்டென்று கண்ணில் படவும் வேண்டும். இன்றைய வடிவமைப்பாளர் கணிப்பொறியில் அவிழ்க்கும் சிக்கலும் அதுதான். நம் தெருமுனைகளில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இரு மொழியில் நிற்கும் பெயர்ப் பலகைகளிலும் அதே சிக்கலைக் காணலாம். அடுத்தமுறை கடற்கரைக்குப் போகையில் நின்று பாருங்கள்.

அண்மைக்கால உதாரணம் ஒன்று பக்கத்து ஊரிலேயே கிடைத்தது. நாம் தினமும் காணும் ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு படித்தார். மத்திய அரசு நடத்திய போட்டிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றுள் ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேறின. 2010 ஜூலை 15 அன்று அவருடைய வடிவத்தை மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். தேவநாகரி 'ர' எழுத்தையும், நெடுங்கோடு நீக்கிய ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக இணைத்து, மேலே இரு கிடைக்கோடுகள் அமையச் செய்தார். பார்த்தால், "இதை நானும் போட்டிருப்பேனே" என்று தோன்றும். அதற்கு முன்பே அவர் தமிழ் எழுத்துரு ஒன்றை வடிவமைத்திருந்தார். தமிழ் எழுத்துகளின் வடிவம் பற்றி முனைவர் பட்ட ஆய்வும் செய்தவர். ஒரு சிறு குறியீட்டுக்குப் பின்னால் அத்தனை ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

இனி, இத்துறையினர் போர்ட்ஃபோலியோ என்று அழைக்கும் படைப்புத் தொகுப்புக்கு வருவோம். வேலை கேட்டுப் போகும்போது மதிப்பெண் பட்டியலைவிட முதலில் கேட்கப்படுவது இதுதான். அழகான படங்களையெல்லாம் ஒன்றாகத் தைத்தால் அது தொகுப்பாகிவிடும் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். எங்கள் எண்ணத்தை மாற்றியது முத்தியால்பேட்டையில் ஒரு தையற்கடைப் பலகை.

அந்தக் கடை எங்களுள் ஒருத்தியின் சித்தியுடையது. கணவரை இழந்தபின் ஒரே ஒரு தையல் இயந்திரத்தை வைத்துத் தொடங்கியவர். பலகை எழுதித் தரும்படி எங்களைக் கேட்டார். கொடியும் பூவும் சுற்றிய எழுத்தில், இளஞ்சிவப்புப் பின்னணியில், மிக அழகாக ஒன்றைக் கணிப்பொறியில் செய்து கொடுத்தோம். ஃபிளெக்ஸில் அச்சாகி வந்தபோது முகம் சுண்டிப்போயிற்று. எங்கள் எழுத்துரு அச்சிடுபவரின் கணிப்பொறியில் இல்லாததால் வேறொன்று அதன் இடத்தில் புகுந்து, 'கொ'வில் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறிக் கிடந்தன. நிறமும் மங்கியிருந்தது. திரையில் தெரியும் நிறம் ஒளியால் ஆனது, அச்சில் வருவது நான்கு மைகளால் ஆனது. இரண்டும் ஒன்றாக இரா. எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி அனுப்பியிருக்கவேண்டும், ஓரங்களில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்கவேண்டும், முதலில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை. குற்றம் எங்களுடையதே. அதற்கான பணமோ சித்தியுடையது.

அவர் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

இரண்டாவது முறை, வரைவதற்கு முன் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றோம். சைக்கிளில் போகிறவர் அந்தப் பலகையைப் பார்க்கும் நேரம் இரண்டு மூன்று வினாடிகள்தாம். அதற்குள் என்ன தெரியவேண்டும்? 'தையல்' என்ற ஒரு சொல்லும் தொலைபேசி எண்ணும் தெரிந்தால் போதும். மஞ்சளில் கறுப்பு எழுத்து, ஒரு நூல்கண்டு, வேறு ஒன்றும் இல்லை. முதலாவதைப்போல் அழகில்லை என்று எங்களுக்குள்ளேயே சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் பலகை பார்த்து வந்ததாகச் சொல்லும் வாடிக்கையாளர் உண்டு என்கிறார் சித்தி. அச்சுச் செலவில் பாதியை எங்கள் கைச்சேமிப்பிலிருந்து கொடுத்தோம்.

இந்தக் கதை முழுவதும் இப்போது எங்கள் தொகுப்பில் நான்கு பக்கங்களாக இருக்கிறது: சித்தி என்ன கேட்டார், முதற்பலகை எப்படிக் கெட்டது, எதிர்ப்பக்கம் நின்று எடுத்த புகைப்படம், பென்சில் வரைவுகள், முடிந்த பலகை. விளம்பர நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தார். பூக்களும் பறவைகளும் உள்ள பக்கங்களை விரைவாகத் தள்ளிவிட்டு, இந்த நான்கு பக்கங்களில் நின்றுவிட்டார். வேலை தருபவர் தேடுவது கையின் திறமையை மட்டுமன்று, சிக்கல் வரும்போது இந்தப் பெண் எப்படி யோசிப்பாள் என்பதையே என்று விளக்கினார்.

அந்த அக்கா சொன்ன வேறு சிலவும் உண்டு. முப்பது படைப்புகளைவிடத் தேர்ந்த பத்து மேல். சிறந்ததை முதலில் வைக்கவேண்டும். கூட்டாகச் செய்ததில் நம் பங்கு எது என்று ஒளிக்காமல் எழுதவேண்டும். வாடிக்கையாளர் இல்லையே என்று காத்திருக்கவேண்டாம். பங்குத் திருவிழா அழைப்பிதழையோ, பேருந்து நேர அட்டவணையையோ பயிற்சியாகத் திருத்தி அமைத்து, பயிற்சி என்றே குறிப்பிடலாம். இணையத்தில் எடுத்ததையும், செயற்கை நுண்ணறிவு வரைந்ததையும் தன் கைவேலை என்று காட்டினால், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். ஆங்கில எழுத்தை அழகாக அமைப்பவர் ஏராளம். தமிழ் எழுத்தை அறிந்து கையாள்பவர் குறைவு. தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்த ஓவியர் ஆதிமூலத்தின் எழுத்துகளைத் தேடிப் பார்க்கும்படி சொன்னார். எங்கள் அபிப்பிராயத்தில் அவர் சொன்னவற்றுள் மிகப் பயனுள்ளது இதுவே.

படிக்கும் வழியைப் பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. மும்பை முதலிய ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் பட்டத்துக்கு யூசீட் என்ற தேர்வு 2015 முதல் நடக்கிறது. இரண்டையும் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம். கணிதம் இல்லையே என்று அஞ்சவேண்டாம். அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லாதவர்களுக்கு, 1850இல் தோன்றிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. நம் அரியாங்குப்பத்திலேயே பாரதியார் பல்கலைக்கூடமும் இருக்கிறது. தனியார் கல்லூரிகளில் கட்டணம் மிக அதிகம். சேரும் முன் அங்கு படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டறிவது நல்லது.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதவேண்டும். தொடக்கத்தில் குறைவுதான். தெரிந்தவர்கள், "சின்ன வேலைதானேம்மா" என்று இலவசமாகக் கேட்பார்கள். எத்தனை முறை திருத்தித் தருவோம், முன்பணம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டே தொடங்கவேண்டுமாம்.

சென்ற மாதம் அந்தத் தந்தையாரிடம் எங்கள் தொகுப்பைக் காட்டினோம். பூப்படங்களைப் பார்த்துத் தலையசைத்தார். தையற்கடைப் பக்கங்களை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, "முதல் பலகைக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். சொன்னோம். யூசீட் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்கவேண்டும் என்று மகளிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். சரி என்று இன்னும் சொல்லவில்லை.