சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சியும் இடையறாக் கொடையும்

வள்ளுவப் பெருந்தகையார் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்துள்ளார். கண்முன் நிற்கும் வறியவரின் பசியைத் தீர்த்தல் ஈகை. ஊரனைத்துக்கும் பயன்படுமாறு உதவுதல் ஒப்புரவு. ஈகையின் பயன் அப்பொழுதே தெரியும். ஒப்புரவின் பயன் பல்லாண்டு சென்றபின் தெரிதலும் உண்டு. நோயாராய்ச்சிக்கு வழங்கும் பொருள் இவ்விரண்டாம் வகையினது. அக்கொடை சிறிதாயினும் இடையறாது தொடர்தல் வேண்டும் என்பதைச் சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாறு நன்கு விளக்கும்.

1940களில், கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபடுதல் உறுதியாயிருந்தது. அமெரிக்காவிலே பொஸ்டன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் நோயியல் அறிஞராயிருந்த சிட்னி ஃபாபர் இந்நிலைக்கு மாற்றுக் காண முயன்றார். குருதியணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து வேண்டும். அதனை ஒத்த அமைப்புடையதாய், அதன் தொழிலைத் தடுக்கும் பொருளைக் கொடுப்பின் நோயணுக்களின் பெருக்கமும் தடைப்படும் என அவர் கருதினார். அமினொப்தெரின் என்னும் அத்தகைய மருந்து லெடேளி ஆய்வுகூடத்திலிருந்து கிடைத்தது. அங்கு ஆராய்ச்சியை நடத்தியவர், ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் ஆவர்.

1948 யூன் 3ஆந் திகதி வெளிவந்த கட்டுரையிலே, மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தமையை ஃபாபர் குழுவினர் அறிவித்தனர். தணிந்த நோய் சில மாதங்களில் மீண்டும் தலையெடுத்தது. எனினும், மருந்தினால் அந்நோயைப் பின்வாங்கச் செய்தல் இயலும் என்பது புலனாயிற்று. தோல்வியென்று கருதி அன்றே முயற்சியைக் கைவிட்டிருப்பின், பின்வந்த குழந்தைகளுக்கு வழி பிறந்திராது.

அம்முயற்சியைத் தொடரப் பணம் வேண்டியிருந்தது. 1948 மே 22ஆந் திகதி வானொலி நிகழ்ச்சியொன்றிலே, பொஸ்டனிற் சிகிச்சை பெற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ‘ஜிமி’ என்னும் புனைபெயரிற் பேசினான். அவன் விருப்பம், பேஸ்போல் ஆட்டத்தைக் காண ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கேட்டோர் அனுப்பிய சிறுதொகைகள் அவ்வாண்டில் 231,000 டொலருக்கு மேலாயின. ‘ஜிமி நிதியம்’ இவ்வாறு வேரூன்றியது. சினிமாக் கொட்டகைகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் ஆண்டுதோறும் உண்டியல் ஏந்தி அதனை வளர்த்தனர். அச்சிறுவனும் பிழைத்து வளர்ந்து, ஐம்பது ஆண்டுகளின் பின் 1998இல் தன்னை உலகுக்கு அறிவித்தான்.

இத்தகைய பொதுமக்கள் கொடையினாலேயே மெம்பிஸ் நகரில் 1962இல் சென் யூட் சிறுவர் ஆராய்ச்சி வைத்தியசாலையும் எழுந்தது. டனி தொமஸ் என்னும் நகைச்சுவை நடிகர் அதனைத் தோற்றுவித்தார். சிகிச்சைக்காகக் குடும்பத்தாரிடம் அங்கு கட்டணம் கேட்பதில்லை. அது திறக்கப்பட்ட காலத்தில், சிறுவரிடையே மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே பிழைத்தனர். அங்கு டொனல்ட் பிங்கல் பல மருந்துகளை ஒருங்கே கொடுத்ததோடு, மூளையில் ஒளிந்திருக்கும் நோயணுக்களுக்கும் கதிர்ச்சிகிச்சை அளித்தார். 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தனர். மூளைக்கு அளித்த கதிர் குழந்தைகளின் வளர்ச்சியையும் கற்றலையும் பாதித்தமை பின்னர் தெரியவந்தது. அதனைக் குறைத்துப் பின் விலக்குதற்கும் நெடுங்கால ஆய்வுகள் வேண்டப்பட்டன. இன்று வளமிக்க நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் வரை அந்நோயினின்றும் மீளுகின்றனர்.

கொடை இடையறாதிருத்தல் வேண்டுவதன் காரணம் இதனாற் பெறப்படும். இந்நோய்க்குச் சிகிச்சையே இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். நோய் மீளாமையை அறியப் பின்னரும் பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். சிறுவர் புற்றுநோய் அரிதாதலின், ஓரிடத்து நோயாளர் தொகை ஆய்வுக்குப் போதாது. பல வைத்தியசாலைகள் ஒன்றுசேர்தல் அவசியம். மருந்து வணிகர்க்கும் இதில் ஊதியம் சிறிது. ஓராண்டு பெருகி மறுவாண்டு வற்றும் நிதியைக் கொண்டு எவரும் பத்தாண்டு ஆய்வொன்றைத் தொடங்கத் துணியார். மாதந்தோறும் வரும் சிறுதொகையோ முன்கூட்டியே திட்டமிட இடந்தரும்.

பணி இன்னும் முடிந்திலது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 400,000 சிறுவரும் இளைஞரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மரும் பிழைப்பதில்லை. 2030க்குள் உலகெங்கும் அறுபது வீதத்தினரையேனும் காத்தல் 2018இல் அந்நிறுவனம் வகுத்த இலக்காகும்.

உலையிலிடுமுன் நாளும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துப் பொதுப்பணிக்கு உதவும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. அப்பிடியரிசி எவர் வீட்டையும் வறிதாக்கியதில்லை. மாதந்தோறும் அவ்வாறே எடுத்துவைக்கும் ஒரு சிறுதொகை, கொடுப்போர் ஒருபோதும் காணாத ஒரு குழந்தையின் ஆயுளை நீட்டவல்லது.